மோட்டார் சைக்கிள் கார்பரேட்டருக்கு ஜெட்டும் ஊசியும் தெரிவு செய்தல்: பெங்களூரின் உயரமும் இன்றைய எரிபொருளும்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சென்னைத் துறைமுகப் பகுதியில் செம்மையாக ஓடிய மோட்டார் சைக்கிளொன்றைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால், அதன் கார்பரேட்டர் வேண்டிய அளவினும் சிறிது மிகுதியாகப் பெட்ரோலைச் செலுத்தும். ஆகவே, உயரமான ஊரில் சிறிய ஜெட்டைப் பொருத்துக என்பது எந்திரப் பாடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. அவ்விதியின் அடிப்படை இன்றும் உண்மையே. ஆயினும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கிற்கு வந்த பின்னர், அதனை அப்படியே கையாள்வது எஞ்சினுக்குக் கேடாக முடியலாம். அதன் காரணத்தையும், ஜெட்டையும் ஊசியையும் முறையாகத் தெரிவு செய்யும் வழியையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அது முதற்கொண்டு புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் கார்பரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பெற்றுவிட்டது. எனினும் அதற்கு முன் விற்பனையான வண்டிகள் பல இன்றும் சாலையில் உள்ளன. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற எண்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டிகளும், 1961 முதல் 1996 வரை மைசூரில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, யெஸ்டி வண்டிகளும் அவற்றுள் அடங்கும். களப்பணியாளர்கள் இத்தகைய வண்டிகளில் ஏறிச் செல்ல நேர்கிறது. தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கோ, பாய்பொருளியலின் அடிப்படைகளைக் கையில் வைத்துக் காட்ட கார்பரேட்டரினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

1. கார்பரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் இவ்வளவினும் மிகுந்தால் அதனைச் செறிந்த கலவை என்றும், குறைந்தால் மெலிந்த கலவை என்றும் கூறுவோம்.

கார்பரேட்டரின் நடுவே காற்று செல்லும் குழாய் ஒன்று உண்டு. எஞ்சின் காற்றை இழுக்கும்போது இக்குழாயின் குறுகிய பகுதியில் காற்றின் வேகம் மிகுந்து அழுத்தம் குறைகிறது. கீழேயுள்ள மிதவை அறையில் நிற்கும் பெட்ரோலின்மீது வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருப்பதால், அது நுண்துளைகளின் வழியே மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. அத்துளைகளையுடைய பித்தளைத் திருகுகளே ஜெட் எனப்படுவன. கார்பரேட்டர் காற்றின் எடையை நிறுப்பதில்லை. அழுத்த வேறுபாடு ஒன்றையே அறியும். உயரத்தினால் விளையும் சிக்கலுக்கு இதுவே மூலகாரணமாகும்.

2. எப்பகுதி எப்போது ஆட்சி செய்கிறது

கையிலுள்ள திருகுபிடியைத் திருப்பினால், கம்பியின் மூலம் கார்பரேட்டரிலுள்ள ஸ்லைடு மேலெழுகிறது. ஸ்லைடு எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதைப் பொறுத்து, பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் உறுப்பு மாறுகிறது. தோராயமாக நான்கு கட்டங்கள் உள.

முதற் கட்டம்: மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை. இங்கு பைலட் ஜெட்டும் அதனைச் சார்ந்த சிறு திருகும் ஆட்சி செய்கின்றன.

இரண்டாம் கட்டம்: எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை. ஸ்லைடின் அடியில் காற்று நுழையும் பக்கமாகச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும் பகுதி இங்கு முதன்மையானது. வெட்டு உயர்ந்தால் கலவை மெலியும்.

மூன்றாம் கட்டம்: கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை. ஸ்லைடோடு ஏறியிறங்கும் ஊசியும், அது நுழைந்திருக்கும் ஊசி ஜெட்டும் ஆள்கின்றன. நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் வண்டி பெரும்பாலும் ஓடுவது இக்கட்டத்தில்தான்.

நான்காம் கட்டம்: முக்கால் பங்கிலிருந்து முழுத் திறப்பு வரை. மெயின் ஜெட் இங்கு ஆட்சி பெறுகிறது.

இக்கட்டங்கள் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டவை அல்ல. ஒன்று மற்றொன்றினுள் சிறிது படர்ந்திருக்கும். எனினும் குறையைக் கண்டுபிடிப்பதற்கு இப்பிரிவு பெரிதும் துணை செய்யும். புகைச் சான்றிதழுக்கான சோதனையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சின் வெறுமனே ஓடும் நிலையில், அதாவது மெக்கானிக்குகள் ஐட்லிங் என்று சொல்லும் நிலையில், அச்சோதனை நடைபெறுகிறது. ஆகவே அது பைலட் ஜெட்டின் கட்டத்தை மட்டுமே அளக்கிறது. அதில் தேறிய வண்டி, மேட்டில் முழுத் திறப்பில் ஏறும்போது செறிந்தோ மெலிந்தோ எரியக்கூடும்.

ஸ்லைடைக் கம்பி நேராகத் தூக்கும் கார்பரேட்டர்களுக்கே மேற்கண்ட அளவுகள் பொருந்தும். உறிஞ்சழுத்தத்தால் ஸ்லைடு தானே எழும் வகையும் உண்டு. அதில் திருகுபிடியின் நிலையும் ஸ்லைடின் உயரமும் ஒத்திருப்பதில்லை என்பதை நினைவிற்கொள்க.

3. ஊசியும் ஊசி ஜெட்டும்

ஊசியின் மேற்பகுதி சீரான உருளை வடிவம்; கீழ்ப்பகுதி கூம்பிச் செல்லும். ஊசிக்கும் ஊசி ஜெட்டின் சுவருக்கும் இடையேயுள்ள வளைய வடிவ இடைவெளியின் வழியாகவே பெட்ரோல் செல்கிறது. ஊசி உயர உயர, அதன் மெல்லிய பகுதி துளைக்கு நேரே வருவதால் இடைவெளி பெரிதாகிறது. ஊசியின் தலைப்பில் சில பள்ளங்கள், பெரும்பாலும் ஐந்து, இருக்கும். அவற்றுள் ஒன்றில் மாட்டிய சிறு கிளிப்பே ஊசியைத் தாங்கி நிற்கிறது. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி மேலெழும், கலவை செறியும். மேலே மாற்றினால் ஊசி தாழும், கலவை மெலியும்.

இவ்விடைவெளி எத்துணை நுண்ணியது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஊசி ஜெட்டின் விட்டம் 2.66 மில்லிமீட்டர், ஊசியின் உருளைப் பகுதியின் விட்டம் 2.50 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வளையத்தின் பரப்பு 0.648 சதுர மில்லிமீட்டர் ஆகும். ஊசி இடைவிடாது அதிர்வதால் ஊசி ஜெட்டின் துளை தேய்ந்து 2.70 மில்லிமீட்டர் ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 0.04 மில்லிமீட்டரே. கண்ணுக்கோ விரலுக்கோ அது தோன்றாது. ஆனால் வளையத்தின் பரப்பு இப்போது 0.817 சதுர மில்லிமீட்டர்; அதாவது 26 சதவீதம் மிகுதி.

இக்கணக்கு மற்றொரு உண்மையையும் புலப்படுத்துகிறது. 1.00 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெயின் ஜெட்டின் துளைப் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். புதிய ஊசி ஜெட்டின் வளையம் இதனினும் சிறியது. ஆகவே ஊசியே பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. தேய்ந்த ஊசி ஜெட்டின் வளையமோ மெயின் ஜெட்டின் துளையைவிடப் பெரிதாகிவிட்டது. ஊசி தன் ஆட்சியை இழந்துவிட்டது.

இத்தகைய வண்டி நடுத்தர வேகத்தில் கரும்புகை விடும்; பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும். அதனைக் கண்டு மெயின் ஜெட்டைச் சிறிதாக்குவது பலரிடம் காணப்படும் வழக்கம். அவ்வாறு செய்தால் நடுத்தர வேகத்தின் நோய் சிறிதளவே தணியும். முழுத் திறப்பில் எஞ்சின் பெட்ரோலின்றி வாடும். தேய்ந்த ஊசி ஜெட்டுக்கு மருந்து புதிய ஊசி ஜெட்டே. ஊசியையும் உடன் மாற்றுதல் நலம்.

4. உயரத்தின் விளைவு

உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. நியம வளிமண்டலக் கணக்கின்படி 920 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 91.5 சதவீதமாகும். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதே கன அளவு காற்றையே இழுக்கிறது. அக்காற்றின் எடையோ 8.5 சதவீதம் குறைந்துவிடுகிறது. பெட்ரோலும் அதே வீதத்தில் குறைந்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஜெட்டின் வழியே செல்லும் பெட்ரோல், அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே மாறும். எனவே பெட்ரோல் ஏறத்தாழ 4.5 சதவீதமே குறைகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டால் கலவை ஏறத்தாழ 4.5 சதவீதம் செறிந்துவிடுகிறது.

பொதுவிதியாகக் கூறின், கலவையின் செறிவு காற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். வெப்பநிலைக்கும் இவ்விதி பொருந்தும். சென்னையில் 35 பாகை செல்சியஸும் பெங்களூரில் 25 பாகையும் உள்ள நாளொன்றில் இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சுமார் 4 சதவீதமாகச் சுருங்கும். உயரத்தால் லேசான காற்று, குளிர்ச்சியால் சிறிது அடர்த்தி பெறுவதே காரணம்.

5. எத்தனாலின் விளைவு

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், பெங்களூரில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வாரத்தின்போது, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 2025-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான 20 சதவீதக் கலப்பு என்னும் இலக்கு எட்டப்பட்டது.

எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் பிராணவாயு. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவில் ஒரு பகுதியை அது தானே கொண்டுவருவதால், ஒரு பங்கு எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். கன அளவில் 20 சதவீதம் எத்தனால் கலந்தால், கலப்பெரிபொருளுக்கு வேண்டிய காற்று 14.7 பங்கிலிருந்து ஏறத்தாழ 13.5 பங்காகக் குறைகிறது. அதாவது அதே அளவு காற்றுக்கு எடைக்கணக்கில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலான எரிபொருள் தேவை. எத்தனால் சற்று அடர்த்தி மிக்கதாதலின், அதே ஜெட்டின் வழியே அரை சதவீதத்திற்குச் சிறிது கூடுதலான எடை தானே சென்றுவிடும். இதனைக் கழித்தால், தூய பெட்ரோலுக்கென அமைத்த ஜெட்டு இன்றைய எரிபொருளில் வேண்டியதில் 92.5 சதவீதத்தையே வழங்கும். கலவை மெலிகிறது.

இவ்வாறு உயரம் கலவையைச் செறிவிக்கிறது, எத்தனால் மெலிவிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைக்கும் எண்கள் வருமாறு. கடல் மட்டத்தில், தூய பெட்ரோலில், சரியாக அமைத்த கார்பரேட்டர் வேண்டிய எரிபொருளில் 100 பங்கை வழங்குவதாகக் கொள்வோம். அதே ஜெட்டும் ஊசியும் பிற இடங்களில் வழங்குவது:

சென்னை, கடல் மட்டம்: தூய பெட்ரோலில் 100, எத்தனால் கலப்பில் 92.5.
பெங்களூர், 920 மீட்டர்: தூய பெட்ரோலில் 104.5, எத்தனால் கலப்பில் 96.5.
நந்தி மலை உச்சி, 1,478 மீட்டர்: தூய பெட்ரோலில் 107.5, எத்தனால் கலப்பில் 99.5.
உதகமண்டலம், 2,240 மீட்டர்: தூய பெட்ரோலில் 111.5, எத்தனால் கலப்பில் 103.

இவை கணக்கால் பெற்ற தோராய மதிப்புகள். எனினும் அவை காட்டும் திசை தெளிவானது. பழைய விதியின்படி பெங்களூரில் ஜெட்டைக் குறைக்க வேண்டும். இன்றைய எரிபொருளிலோ அங்குக் கலவை முன்னமே சற்று மெலிந்துள்ளது. கடற்கரைக்கென அமைத்த பழைய ஜெட்டும் இன்றைய எரிபொருளும் ஏறத்தாழச் சமனாவதற்கு நந்தி மலையின் உயரம் வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் பழைய விதியை நம்பி மெயின் ஜெட்டை 5 சதவீதம் குறைத்த ஒருவர், கிருஷ்ணகிரி வழியே இறங்கிச் சென்னைக்கு விரைவாகச் செல்கிறார் என்று கொள்வோம். அங்கு அவருடைய எஞ்சின் வேண்டியதில் 88 பங்கையே பெறும். அந்நிலையில் நெடுநேரம் முழுத் திறப்பில் ஓடினால் வெளியேற்று வால்வு கருகலாம். பிஸ்டனின் தலை ஓட்டையாகலாம். எத்தனால் எளிதில் தட்டல் ஒலியை எழுப்புவதில்லை. ஆகவே தட்டல் கேட்கவில்லை என்பதைக் கொண்டு கலவை சரியென முடிவு செய்யலாகாது.

10 சதவீத எத்தனாலுக்கென அமைக்கப்பெற்ற வண்டிகளில் மாறுதல் இதில் ஏறத்தாழப் பாதியே. அத்தகைய வண்டி கடல் மட்டத்திற்கென அமைக்கப்பட்டதாயின், பெங்களூரின் உயரமும் புதிய எரிபொருளும் ஏறத்தாழ ஈடாகிவிடும். ஆகவே எந்த ஜெட்டையும் தொடுமுன், வண்டி எந்த எரிபொருளுக்கென அமைக்கப்பட்டது என்பதைக் கையேட்டில் காண்க.

6. பொதுக் குறையும் தனிக் குறையும்

இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. உயரமும் வெப்பநிலையும் எரிபொருளும் கார்பரேட்டரின் நான்கு கட்டங்களையும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் பாதிக்கின்றன. மிதவை அறையின் பெட்ரோல் மட்டமும் அடைபட்ட காற்று வடிகட்டியும் ஒரு கட்டத்தோடு நில்லாது பலவற்றிலும் தம் குறையைக் காட்டுவன. தேய்மானமோ அடைப்போ தவறான உறுப்போ ஒரு கட்டத்தையே பாதிக்கும். எனவே முதலில் கேட்க வேண்டிய வினா: குறை எல்லாத் திறப்பிலும் உள்ளதா, ஒரு திறப்பில் மட்டும் உள்ளதா?

எல்லாத் திறப்பிலும் இருந்தால் பொதுக் காரணத்தைத் தேடுக. ஒரு திறப்பில் மட்டும் இருந்தால் அக்கட்டத்திற்குரிய உறுப்பை மட்டும் ஆராய்க. நடுத்தரத் திறப்பின் குறைக்கு மெயின் ஜெட்டை மாற்றுவதும், ஐட்லிங் குறைக்கு ஊசியைத் தூக்குவதும் வீண் உழைப்பாகும்.

7. சோதிக்கும் முறை

முதற்படியாக, கார்பரேட்டரைத் தொடுமுன் பிறவற்றைச் சரிபார்க்க. காற்று வடிகட்டி தூய்மையாக இருத்தல் வேண்டும். வால்வு இடைவெளியும் தீப்பொறியின் நேரமும் கையேட்டின்படி அமைதல் வேண்டும். கார்பரேட்டரும் எஞ்சினும் கூடுமிடத்தில் காற்றுக் கசிவு இருக்கலாகாது. மிதவை அறையைக் கழற்றி அடியில் தங்கிய நீரையும் வெண்ணிறப் படிவையும் நீக்குக. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் நிற்கும் வண்டியில் இப்படிவு உண்டாகும். பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலால் ஊறி உப்பியோ வெடித்தோ உள்ளனவா என்று நோக்குக.

ஜெட்டைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பியை ஒருபோதும் நுழைக்கலாகாது. ஒரே முறை உரசினாலும் துளையின் அளவு மாறிவிடும். அழுத்தக் காற்றே தகுந்தது.

இரண்டாம் படியாக, திருகுபிடியில் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, மூடிய நிலை, எட்டில் ஒரு பங்கு, கால், அரை, முக்கால், முழுமை எனக் குறியிடுக. குறிகளை ஸ்லைடின் உண்மையான உயரத்தைப் பார்த்தே இடவேண்டும். கம்பியில் தளர்வு இருந்தால் பிடியின் சுழற்சி பொய் சொல்லும்.

மூன்றாம் படியாக, எஞ்சின் நன்கு சூடேறிய பின், போக்குவரத்தில்லாத சாலையில் ஒவ்வொரு குறியிலும் வண்டியைச் சீராக ஓட்டிப் பார்க்க. அரைத் திறப்பில் ஓடும்போது சோக்கைச் சிறிது இழுத்தால் எஞ்சின் வலுப்பெறுகிறதாயின் அக்கட்டம் மெலிந்துள்ளது. மூச்சுத் திணறுமாயின் அக்கட்டத்தில் மெலிவு இல்லை. முழுத் திறப்பிலிருந்து பிடியைச் சிறிதே பின்வாங்கும்போது வேகம் கூடுகிறதாயின் மெயின் ஜெட் சிறியது.

நான்காம் படியாக, ஒரு வேளையில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்க. முழுத் திறப்பு, நடுத்தரம், ஐட்லிங் என்னும் வரிசையில் மெயின் ஜெட், ஊசி, பைலட் ஆகியவற்றை அமைப்பது ஏற்புடையது. மெயின் ஜெட்டை ஒரு எண், ஊசியை ஒரு பள்ளம், சிறு திருகைக் கால் சுற்று என்னும் அளவிற்கு மிகாமல் மாற்றுக. மாற்றியதையும் அதன் பயனையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வைக்க. ஐயமிருப்பின், செறிவின் பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெலிவை நோக்கிச் செல்க. சிறிது செறிந்த கலவை பெட்ரோலை வீணாக்கும். மெலிந்த கலவை எஞ்சினையே வீணாக்கும்.

பைலட் திருகைப் பற்றி ஒரு குறிப்பு. திருகு காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்கிறது. உள்ளே முறுக்கினால் கலவை செறியும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் கலவையை ஆள்வது. உள்ளே முறுக்கினால் மெலியும்.

8. பிளக்கின் நிறம்

ஒரு குறிப்பிட்ட திறப்பில் சில நிமிடங்கள் ஓட்டிய பின், கிளட்ச்சைப் பிடித்து உடனே எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வெண்பீங்கான் பகுதியைப் பார்ப்பது தொன்றுதொட்ட முறை. இளம்பழுப்பு நிறம் சரியான கலவைக்கும், கரி படிந்த கருமை செறிவுக்கும், வெளுத்த நிறமும் சிறு கொப்புளங்களும் மெலிவுக்கும் அடையாளம். ஓடி முடித்து வெறுமனே ஓடவிட்ட பிறகு பார்த்தால் ஐட்லிங்கின் நிறமே தெரியும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய நூல்களின் நிறப் படங்கள் ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் வரையப்பட்டவை. 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நீக்கப்பட்டது. ஈயமற்ற, எத்தனால் கலந்த எரிபொருளில் சரியான கலவையும் வெளிறிய நிறத்தையே தரக்கூடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாது, சோக்குச் சோதனையோடு ஒப்பிட்டே முடிவு செய்க.

9. இரு வீச்சு எஞ்சின்கள்

ஜாவா, யெஸ்டி போன்ற இரு வீச்சு வண்டிகளில் உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. ஜெட்டைக் குறைத்தால் பெட்ரோலோடு எண்ணெயும் குறைகிறது. மெலிந்த கலவையின் வெப்பமும் எண்ணெய்க் குறைவும் ஒருங்கே சேர்வதால், பிஸ்டன் உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும் அபாயம் இவ்வண்டிகளில் மிகுதி. ஓடும் வண்டியின் பின்சக்கரம் அந்நொடியே பூட்டிக்கொள்ளும். இவற்றில் மெயின் ஜெட்டைக் குறைக்கும் முடிவைத் தக்க சோதனையின்றி எடுத்தல் கூடாது.

10. ஜெட்டின் எண்ணும் ஒரு வகுப்பறைச் சோதனையும்

ஜெட்டின்மேல் பொறித்த எண் எல்லா உற்பத்தியாளர்க்கும் ஒன்றன்று. ஆமல் கார்பரேட்டரின் மெயின் ஜெட் எண், ஒரு நிமிடத்தில் அதன் வழியே செல்லும் கன சென்டிமீட்டர் அளவைக் குறிக்கும். வேறு சிலர் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்காக எழுதுவர். முதல் முறையில் 100-இலிருந்து 110-க்கு மாற்றினால் எரிபொருள் 10 சதவீதம் கூடும். இரண்டாம் முறையில் துளைப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வதால் 21 சதவீதம் கூடும். இவ்வேறுபாட்டை அறியாது எண்ணை மட்டும் பார்த்து ஜெட்டை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஒரே உற்பத்தியாளரின் 100, 110 எண்ணுள்ள இரண்டு ஜெட்டுகளைப் பெறுக. அகன்ற பாத்திரமொன்றின் அடியில் ரப்பர்க் குழாயைப் பொருத்தி, குழாயின் கீழ்முனையில் ஜெட்டைச் செருகுக. நீர்மட்டம் ஜெட்டுக்கு 50 சென்டிமீட்டர் உயரத்தில் எப்போதும் நிற்குமாறு நீரை ஊற்றிக்கொண்டிருக்க. பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தலாகாது. மூன்று நிமிடங்களில் சேரும் நீரை அளவுருளையால் அளக்க. இரண்டாம் ஜெட் தந்த அளவை முதல் ஜெட்டின் அளவால் வகுத்தால் 1.10-ஐ ஒட்டிய எண் கிடைக்குமாயின் அது பாய்வைக் குறிக்கும் எண், 1.21-ஐ ஒட்டியதாயின் விட்டத்தைக் குறிக்கும் எண். ஒவ்வொரு ஜெட்டையும் மும்முறை அளந்து சராசரி காண்க.

நீரின் உயரத்தை 50 சென்டிமீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டராகப் பாதியாக்கினால், பாய்வு பாதியாகாமல் ஏறத்தாழ 71 சதவீதமாகவே குறைவதையும் மாணவர் காணட்டும். உயரமான ஊரில் கார்பரேட்டர் ஏன் செறிகிறது என்பதற்கு இவ்வர்க்கமூல விதியே விடை.

தொகுப்புரை

பெங்களூரில் உள்ள வண்டிக்கு ஜெட்டைத் தெரிவு செய்பவர் மூன்றை நினைவிற்கொள்வாராக. முதலாவது, உயரத்தின் விளைவையும் எரிபொருளின் விளைவையும் ஒருங்கே கணக்கிடுக. இரண்டாவது, குறை பொதுவா தனியா எனப் பிரித்தறிக. மூன்றாவது, கையேட்டு ஜெட்டிலிருந்து தொடங்கி ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. பெங்களூரின் பெயரைச் சொல்லி ஜெட்டைக் குறைக்கும் பழக்கத்தை, இன்றைய எரிபொருளைக் கொண்டு சோதித்த பின்னரே கையாளுதல் தகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு வண்டி ஐட்லிங்கிலும் முழுத் திறப்பிலும் நன்கு ஓடுகிறது. அரைத் திறப்பில் மட்டும் கரும்புகை விடுகிறது. எந்த உறுப்பை முதலில் ஆராய்வீர்? ஏன்?

2. 2.66 மில்லிமீட்டர் ஊசி ஜெட் தேய்ந்து 2.68 ஆயிற்று. ஊசியின் விட்டம் 2.50. வளையத்தின் பரப்பு எத்தனை சதவீதம் கூடியுள்ளது? (விடை: ஏறத்தாழ 13)

3. உதகமண்டலத்தில் எத்தனால் கலப்பிற்கெனச் சரியாக அமைத்த வண்டி சென்னைக்கு இறங்கினால் கலவை செறியுமா, மெலியுமா? ஏறத்தாழ எவ்வளவு? (விடை: மெலியும், ஏறத்தாழ 10 சதவீதம்)

4. புகைச் சான்றிதழ் பெற்ற வண்டியின் மெயின் ஜெட் சரியானது என்று கூற இயலுமா? காரணம் தருக.

5. இரு வீச்சு வண்டியில் மெயின் ஜெட்டைக் குறைப்பது நால்வீச்சு வண்டியில் குறைப்பதைவிட ஏன் அபாயமானது?